மூடி மூடப்பட்டது

ஜூன் 3, செவ்வாய்

ஒத்திகை இழுத்துக்கொண்டே போனது. கதாநாயகி மறுபடி ஒரு பக்கத்தை விழுங்கிவிட்டாள். அவள் விழுங்கினால் யாருக்கும் தெரியாது. மேடைக்கு மேலே தொங்கும் திரையில் அந்த வரிகளையெல்லாம் அவசர அவசரமாகத் தாண்டி ஓட வேண்டியவள் நான். பார்க்க வருபவர்களில் பாதிப் பேருக்கு நம் மொழி தெரியாது. நான் லேப்டாப்பில் தட்டிவிடும் சப்டைட்டில்தான் அவர்களுக்கு நாடகம். கைதட்டும்போது யாரும் பின்வரிசைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம். நாற்காலி என்னுடையது, அது போதும்.

மேடைக்குப் பின்னால் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் தையல் அக்கா புதுக் கறுப்புக் கோட்டு கொடுத்தாள். காட்சி நாளில் மட்டும் போட்டால் போதும். பழைய கோட்டில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. போன நாடகத்தில், மேடையே மௌனமாக இருந்த காட்சியில் யாரோ அதைச் ‘சர்ர்’ என்று பிரித்து, டைரக்டர் குதிகுதியென்று குதித்தார். இதில் சத்தம் வராத பொத்தான், கிட்டே கொண்டுபோனால் தானே ஒட்டிக்கொள்கிறது. மணிக்கட்டிலும் வைத்திருக்கிறாள், கை தொளதொளவென்று எதையும் தட்டிவிடாமல் இருக்க.

மாப்பிள்ளை மட்டும் கோட்டு வாங்கவில்லை. டைரக்டரின் தங்கை புருஷன், அதனால் குழு முழுவதற்கும் மாப்பிள்ளை. என்ன வேலை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. “எனக்கு இதெல்லாம் வேர்க்கும்க்கா” என்றான். சட்டம் நமக்குத்தான்.

ஜூன் 6, வெள்ளி

முதல் காட்சி. நாடகத்தில் வரும் அம்மா நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் இடம், மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசுவாள். திரை செத்துவிட்டது. லேப்டாப் இருட்டு. பொத்தானை அமுக்கி, உயிர் வந்து, கடவுச்சொல் கேட்டு, நான் தப்பாக அடித்து, மறுபடி அடித்து— அதற்குள் அம்மா அழுது முடித்துவிட்டாள். மொழி தெரியாத பாதிக் கூட்டம் அவள் ஏன் அழுதாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

டைரக்டர் திரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

சும்மா இருந்தால் தூங்கிவிடும் அமைப்பு. அதுதான் காரணம். மெதுவான காட்சியில் நான் எதையும் தட்டுவதில்லை, அது ‘இவள் போய்விட்டாள்’ என்று நினைத்துத் தூங்கியிருக்கும். ‘ஒருபோதும் தூங்காதே’ என்று மாற்றினேன். பேட்டரியில் ஓடும்போதும், வயர் செருகியிருக்கும்போதும், இரண்டிலும். காலையெல்லாம் சமையல்கட்டு மேசையில் திறந்தே வைத்திருந்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

இவர் கேட்டார்: “என்ன, லேப்டாப்புக்குக் காவலா?” காவல்தான்.

ஜூன் 8, ஞாயிறு

மறுபடி. அதே சாட்சிக் காட்சி, கொஞ்சம் தள்ளி.

ஜூன் 10, செவ்வாய்

என் மெஷினில் ஓடும் லினக்ஸில் தூங்கும் வசதியையே பூட்டிவிடலாம் என்று ஓர் இணைய மன்றத்தில் படித்தேன். யாரோ ஒருவர், இன்னொருவருக்கு எப்போதோ எழுதிய பதில். செய்ய நினைத்துச் செய்யவில்லை. காரணம் தெரியாமல் பூட்டினால் வேறு எங்கேயாவது வெடிக்கும். தூங்காமல் அப்படியே உறைந்துபோனால் என்ன செய்வேன்? வியாதி எதுவென்று தெரிந்துகொண்டுதான் மருந்து.

மெஷினின் அடிமென்பொருளை, கெர்னலை, புதிதாகப் போட்டேன். சூடாகிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒத்திகை முழுக்க ஓடியது, ஒரு குறையும் இல்லை. வீட்டில் ஓடுகிறது. ஒத்திகையில் ஓடுகிறது. காட்சியன்று மட்டும் சாகிறது. அப்படியென்றால் காட்சியன்று யாரோ என்னவோ செய்கிறார்கள்.

போன மாதம் வசனக் கோப்பை எடுக்க என் மெஷினோடு தன் மெஷினை இணைத்தவன் யார்? மாப்பிள்ளை.

ஜூன் 13, வெள்ளி

கடவுச்சொல்லை மாற்றினேன். வைஃபையை அணைத்தேன். புளூடூத்தையும் அணைத்தேன். இனி காற்று வழியாகக்கூட அவன் வர முடியாது.

வந்துவிட்டான். சாட்சிக் காட்சியிலேயே.

நான் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு. வெள்ளைச் சட்டையில்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனால் எழுதி வைக்க வேண்டும். ஒரு வார்த்தை மறக்கக் கூடாது.

நேற்றுப் பகல் பூராவும் உட்கார்ந்து, மெஷின் தனக்குத்தானே எழுதி வைக்கும் பதிவுகளைப் பிரித்துப் படித்தேன். திரை செத்த ஒவ்வொரு முறையும், அதற்கு முந்தைய வரி ஒன்றே. ஆங்கிலத்தில் இருந்தது, நம் மொழியில் சொன்னால்: மூடி மூடப்பட்டது. அதற்கு அடுத்த வரி: தூங்கப் போகிறேன்.

நான் மூடியைத் தொடவே இல்லை. திறந்த லேப்டாப்புக்கு, யாரோ தன்னை மூடிவிட்டதாக ஒரு நினைப்பு. எனக்கு எவ்வளவு நிம்மதி. கெட்டுப்போனது மெஷினின் புலன், நான் இல்லை. அச்சடித்து எடுத்துக்கொண்டு இன்று டைரக்டரிடம் காட்டினேன். எல்லோரும் இருந்தார்கள். தையல் அக்கா, விளக்குக்காரர், நடிகர்கள்.

மாப்பிள்ளை தாளை வாங்கிப் படித்தான். ரொம்ப நேரம் படித்தான். அப்புறம் டைரக்டரைப் பார்த்து, “மச்சான், மூடி மூடியிருக்குன்னு மெஷினே சொல்லுது. யாரு மூடினது? அக்கா அசந்து அப்படியே சாஞ்சிருப்பாங்க. தலைதான் மூடியிருக்கு” என்றான்.

சிரித்தார்கள். விளக்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மெதுவான காட்சியில்தான் நடக்கிறது என்று நானே அல்லவா சொன்னேன், அதுவும் சேர்ந்துகொண்டது. டைரக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கும் முன்பே, “கொஞ்ச நாள் வாசல்ல நில்லும்மா, டார்ச் புடிச்சு ஆளுங்களுக்கு சீட்டு காட்டு. மாப்பிள்ளை பாத்துக்கட்டும்” என்றார்.

நான் தூங்கலை. நான் தூங்கவே இல்லைன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னேனா? வாயே திறக்கலை. என் கையால சாட்சியைக் கொண்டுபோய்க் குடுத்து என்னையே மாட்டிவிட்டுட்டு வந்திருக்கேன்.

ஜூன் 16, திங்கள்

மூடி மூடினாலும் தூங்காதே. ஒரே ஒரு வரி. அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். இன்று காலையில் மாற்றினேன். நாற்காலி போனபிறகு.

இவர், “இப்ப சரியாயிடுச்சுல்ல, போய்ச் சொல்லு” என்றார். என்ன சொல்ல? அக்கா இனிமேல் சாய்ந்தாலும் மெஷின் தூங்காது என்றா?

ஜூன் 20, வெள்ளி

வாசல். டார்ச். “மூணாவது வரிசை, ஓரம். பாத்துப் போங்க, படி இருக்கு.” கோட்டு இன்னும் போட வேண்டும், அதற்கு விலக்கு இல்லை.

விளக்குக்காரர் போகிற போக்கில், “தூங்குமூஞ்சி, டார்ச்சை அணைச்சிடாதே” என்றார். பெயர் ஒட்டிவிட்டது. நடிகர்களில் சின்னவள்கூட, அறியாமல், “அந்தத் தூங்கு… சாரிக்கா” என்றாள்.

மாப்பிள்ளையின் காட்சி முழுக்க ஓடியது. குழுப்பணத்தில் புது லேப்டாப். திரை ஒருமுறை கூட அணையவில்லை. வெள்ளைச் சட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை அப்படியே லேப்டாப் மேல் போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டு விருந்தாளி மாதிரி.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இவனை விடுவதாக இல்லை. எப்படி என்று தெரியாது. விடுவதாக மட்டும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

காலையில் கோட்டைத் துவைக்க எடுத்து வந்து, சோப்பு தேட மேசைமேல் போட்டேன். லேப்டாப் திறந்திருந்தது, பதிவுகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன (அந்த வியாதியைப் பார்ப்பதை நான் இன்னும் விடவில்லை). திரும்பி வந்து பார்த்தால் புதிதாக ஒரு வரி. மூடி மூடப்பட்டது.

தூங்கவில்லை, நான்தான் தடுத்து வைத்திருக்கிறேனே. ஆனால் வரி எழுதிவிட்டது. கோட்டை எடுத்தேன். மூடி திறக்கப்பட்டது. வைத்தேன். மூடப்பட்டது. எடுத்தேன். பைத்தியக்காரி மாதிரி வைத்து வைத்து எடுத்தேன்.

மணிக்கட்டுப் பொத்தான். காந்தம். மூடி மூடியிருக்கிறதா என்று லேப்டாப் தெரிந்துகொள்வதே ஒரு காந்தத்தால்தானாம். மூடியின் விளிம்பில் சின்னக் காந்தம், கீழே அதை உணரும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு அம்புக்குறி விசைகளுக்குக் கீழே, கை ஓய்வெடுக்கும் இடத்தில். வேகமான காட்சியில் என் கை பறந்துகொண்டே இருக்கும். மெதுவான காட்சியில் இறங்கிப் படுக்கும். ஒத்திகையில் கோட்டு கிடையாது. வீட்டில் கோட்டு கிடையாது. மாப்பிள்ளை கோட்டே போடுவதில்லை.

அவன் ஒன்றும் செய்யவில்லை. என் மெஷினை அவன் தொடக்கூட இல்லை.

இவர் கேட்டதும் துள்ளினார். “நாளைக்கே போய்க் காட்டு. எல்லார் முன்னாடியும் வச்சு எடுத்துக் காட்டு. மூஞ்சிய எங்க வச்சுக்குவாங்கன்னு பாப்போம்.”

சரி என்றேன்.

ஜூன் 25, புதன்

போகவில்லை.

போய்க் காட்டினால் என்ன ஆகும்? ‘அட’ என்பார்கள். தையல் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். பொத்தானை மாற்றுவார்கள். மாப்பிள்ளை, “பாத்தீங்களா, அக்காவுக்கு ரொம்ப ஈர்ப்பு சக்தி” என்று எதையாவது சொல்வான், சிரிப்பார்கள். நாற்காலி? ‘அவன்தான் நல்லா பண்றானே, இருக்கட்டும்.’ ஒரு தடவை சாட்சி கொண்டுபோய்ப் பட்டது போதும்.

மெஷினை அவன் கெடுக்கவில்லை, வாஸ்தவம். என் பெயரைக் கெடுத்தது அவன்தானே. நான் தூங்கினேன் என்று சொன்னது யார் வாய்? தெரியாமல் சொன்னானா, தெரிந்து சொன்னானா, எனக்கென்ன? எனக்கு வயிறு எரிகிறது. அது எனக்குத் தெரியும்.

ஜூன் 27, வெள்ளி

காட்சிக்கு முன்னால் அவன் டீ குடிக்கப் போனான். நான் நாற்காலியைத் துடைப்பது போல் போய், மணிக்கட்டை அவன் லேப்டாப் மேல் வைத்தேன். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம், அவன் கையைப் போடும் அதே இடம். அணைந்தது.

எழுப்பி, துடைத்து, வைத்துவிட்டு வந்தேன். வாசலில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

இடைவேளையில் டைரக்டரிடம் போனேன். “சார், பார்க்க வந்தவர் ஒருத்தர் வாசல்ல சொல்லிட்டுப் போறாரு. பின்னாடி ஏதோ வெள்ளைச் சட்டை கண்ணை உறுத்துதாம். மேடையைப் பாக்கவே முடியலையாம்.”

அப்படி யாரும் சொல்லவில்லை. ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான்.

டைரக்டருக்கு இருட்டு என்றால் உயிர். அங்கேயே கத்தினார்: “மாப்பிள்ளைன்னா கொம்பா? எல்லாருக்கும் என்னவோ அதுதான் அவனுக்கும்.” தையல் அக்கா அளவெடுக்க நாடாவோடு ஓடினாள்.

இவரிடம் சொல்லவில்லை. ‘காட்டினியா?’ என்று கேட்பதையும் இவர் நிறுத்திவிட்டார்.

ஜூலை 2, புதன்

தையல் அக்காவின் அறைக்குப் போனேன். மாப்பிள்ளை கோட்டு தயார். மணிக்கட்டில் பொத்தான் வைத்துவிட்டாளா என்று பார்த்தேன். வைத்திருந்தாள். “அவருக்குக் கை நீளம், கொஞ்சம் இறக்கி வச்சேன்” என்றாள். நல்லது அக்கா, நல்லா இறக்கி வை.

ஜூலை 4, வெள்ளி

நிறைந்த அரங்கம். டைரக்டர் குடும்பமே வந்திருந்தது. அவர் தங்கையும் வந்தாள், மாப்பிள்ளையின் மனைவி. பட்டாம்பூச்சி போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னிடம் வந்து, “அக்கா, எங்க வீட்டுக்காரர் எங்க உக்காந்திருக்காரு? அவர் வேலை பாக்குறத நான் பாத்ததே இல்ல” என்றாள். டார்ச்சைத் திருப்பிக் காட்டினேன். அவன் கறுப்புக் கோட்டில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவள் கையசைத்தாள். அவனும் அசைத்தான்.

அப்போதே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோட்டுக் கையை மடித்துவிடு என்று. இரண்டு எட்டு வைத்தால் நாற்காலி. வைக்கவில்லை.

சாட்சிக் காட்சி. திரை அணைந்தது. அவன் எழுப்பினான். கையை வைத்தான், மறுபடி அணைந்தது. எழுப்பினான். அணைந்தது. என்னையாவது ஒரு காட்சிக்கு ஒருமுறைதான் காட்டிக்கொடுத்தது. அவனுக்குப் பதற்றத்தில் கை அங்கேயே போய் அங்கேயே விழுந்தது. முன்வரிசையில் யாரோ திரும்பினார்கள். அப்புறம் எல்லோரும் திரும்பினார்கள். என் வேலையில் முதல்முறையாக ஒரு கூட்டமே பின்வரிசையைப் பார்த்தது.

உச்சி குளிர்ந்தது. பொய் எழுத மாட்டேன், குளிர்ந்தது. அவன் மனைவி பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதையும் பார்த்தேன்.

ஜூலை 5, சனி

டைரக்டர் காலையிலேயே போன் செய்தார். “நீயே வந்து உக்காரும்மா. அவன் உன்னையே தூக்கிச் சாப்பிட்டுட்டான்.”

அது எனக்கு மன்னிப்பா, திட்டா என்று தெரியவில்லை. போனேன். கோட்டுக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மாற்றிய ஒரு வரியும் இருக்கிறது. சாட்சிக் காட்சியில் கையை நன்றாகச் சாய்த்துப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

விளக்குக்காரர், “இப்ப நம்மகிட்ட ரெண்டு தூங்குமூஞ்சி” என்றார். மாப்பிள்ளை பலகை தூக்கிக்கொண்டிருந்தான். கேட்டிருக்கும்.

ஜூலை 9, புதன்

சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேனா? இருக்கிறேன். நாற்காலி என்னுடையது.

இவர் சாப்பிடும்போது, “அந்தப் பையன் எப்படி இருக்கான்?” என்றார். எந்தப் பையன் என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

அரங்கம் திறப்பதற்கு முன் மாப்பிள்ளை வந்தான். நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தான். நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினான். அவன் லேப்டாப்பின் பதிவு. மூடி மூடப்பட்டது, மூடி மூடப்பட்டது, மூடி மூடப்பட்டது.

“இதை யார்கிட்டயும் காட்டல. காட்டினா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னதுதான” என்றான்.

தாளை மடித்த மடிப்பிலேயே மறுபடி மடித்தேன்.

“நான் தூங்கலக்கா. வீட்ல அவளே நம்பல. ராத்திரி சரியா தூங்குன்னு பால் காய்ச்சிக் குடுக்குறா. நீங்க நம்புவீங்கன்னு தோணுச்சு. உங்களுக்கும் இதே வரிதான வந்துச்சு. நீங்களும் தூங்கலதான?”

எத்தனை நாள் இந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். அவன் வாயாலேயே வர வேண்டும் என்று. வந்தது. சாய்வாக, பாதிக் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு.

“தூங்கல” என்றேன்.

“அப்ப யாருக்கா மூடுனது?”

“தெரியல.”

தலையாட்டினான். நம்பிவிட்டான். “அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்களா, அந்த ருசியில மேல மேல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க” என்று எழுந்து போனான். அந்தத் தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

சொல்லியிருக்கலாம். அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லலை? சொன்னா, கோட்டை அவனுக்கு மாட்டிவிட்டது யாருன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல.

ஜூலை 13, ஞாயிறு

அவன் கோட்டு நடிகர்கள் உடை மாற்றும் அறையில் ஆணியில் தொங்கியது. கை நுனியில் தையல் விட்டிருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று தையல் அக்காவிடம் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தையல் விடவில்லை. காந்தங்களைப் பிரித்து எடுத்துவிட்டுச் சாதாரணப் பொத்தான் வைத்தேன். என்னுடையதிலும் வைத்தேன்.

இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். எல்லாம் தெரிந்தவர் மாதிரி கோத்துக் கொடுத்தார்.

ஜூலை 15, செவ்வாய்

டைரக்டரிடம் சொன்னேன்: புதிதாக ஆரம்பிக்கும் சனிக்கிழமைப் பகல் காட்சிகளை மாப்பிள்ளைக்குக் கொடுங்கள், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். “உனக்குப் பெரிய மனசும்மா” என்றார். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அவன் லேப்டாப்பிலும் அந்த ஒரு வரியை மாற்றிக் கொடுத்தேன். “இதை மாத்தினா போதுமாக்கா?” என்றான். போதும் என்றேன்.

ஜூலை 19, சனி

பகல் காட்சி. மாப்பிள்ளை உட்கார்ந்தான். நான் பக்கத்துப் படியில். சாட்சிக் காட்சியில் அவன் கை ஒருமுறைகூட லேப்டாப் மேல் இறங்கிப் படுக்கவில்லை, விசையைத் தட்டிவிட்டு அந்தரத்திலேயே நின்றது. “கையைக் கீழ வை, ஒண்ணும் ஆகாது” என்று காதில் சொன்னேன். வைக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் திரை அணையவில்லை. அம்மா ஏன் அழுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

முடிந்ததும் டைரக்டர் வந்து அவன் முதுகில் தட்டினார். “பரவாயில்லையே, இன்னிக்கு முழிச்சுக்கிட்டு இருந்திருக்கான்.”

விளக்குக்காரர் சிரித்தார், தையல் அக்கா சிரித்தாள், நடிகர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்னை மட்டும் பார்த்தான். நான் சிரிக்க மாட்டேன் என்று நம்பியிருப்பான்.

சிரித்துவிட்டேன்.